கைப்பிடி யார் கையில் இருந்தது

விளக்கெண்ணெய் கருகும் வாசனையை யாராவது நல்ல வாசனை என்று சொல்வார்களா? நான் சொல்வேன். உள்ளங்கை அளவு என்ஜின் ஒன்று, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டு "கீய்ங்" என்று கத்திக்கொண்டே விடுகிற புகை முகத்தில் அடிக்க வேண்டும், அப்போது தெரியும். எனக்குப் பதின்மூன்று வயதான கோடை விடுமுறையில் அந்தப் புகை என் பாவாடையிலும் தலைமுடியிலும் ஏறி, இரண்டு முறை சீயக்காய் தேய்த்தும் போகவில்லை.

மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் அப்போது குடியிருந்தோம். கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்த என் அண்ணன் முரளி, அங்கே மாதிரி விமானம் செய்யும் மாணவர்களிடமிருந்து ஒரு என்ஜினை இரவல் வாங்கி வந்தான். கல்லூரி திறக்கும் திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் விமானம் செய்து, பறக்கவிட்டு, அந்தரத்தில் குட்டிக்கரணமும் போட வைப்பேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். அப்பா மட்டும் நம்பவில்லை. "இவன் எதையாவது ஆரம்பிச்சு முடிச்சிருக்கானா?" என்று சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் கேட்பார், அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டே. வயலின், டைப்ரைட்டிங், நீச்சல் என்று அவன் பாதியில் விட்டவற்றின் பட்டியலும் கூடவே வரும். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

ரிமோட்டில் பறக்கிற விமானம் இல்லை அது. இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் அறுபதடி நீளத்துக்கு வந்து ஒரு கைப்பிடியில் முடியும். கைப்பிடியைப் பிடித்தவர் நடுவில் நிற்க, விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியை மேல் பக்கம் சாய்த்தால் ஏறும், கீழ்ப் பக்கம் சாய்த்தால் இறங்கும். ஓட்டுகிறவரும் விமானத்தோடு சேர்ந்து நின்ற இடத்திலேயே சுற்றியாக வேண்டும்.

எலும்புக்கூடு அண்ணனுடைய வேலை, ஒப்புக்கொள்கிறேன். தக்கை மாதிரி லேசான பால்சா கட்டையைப் பிளேடால் சீவி அவன் செய்த இறக்கை, ஊதினால் பறந்துவிடும்போல இருந்தது. ஆனால் மேல்வேலை முழுக்க என்னுடையது. அண்ணனின் சிநேகிதன் அன்வர், தன் அத்தாவின் தையல் கடையிலிருந்து மெல்லிய பட்டுத் துணி கொண்டுவந்தான். அதை நனைத்து, இறக்கைமேல் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, "டோப்" என்கிற வார்னிஷ் மாதிரியான திரவத்தைப் பூசினால், காயக் காயத் துணி விறைத்துக்கொள்ளும். முதல் பூச்சைச் சாயங்காலம் போட்டோம். கடல்காற்றின் ஈரம் பட்டு, மறுநாள் காலையில் விபூதி பூசியது மாதிரி இறக்கை வெளுத்துக் கிடந்தது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான், நீச்சலை விட்ட அன்று உட்கார்ந்த அதே மாதிரி. வெயில் ஏறிய பிறகு, கடல்காற்று வருவதற்குள் மெல்லிசாக இன்னொரு பூச்சு போட்டுப் பார்த்தது நான்தான். வெளுப்பு கரைந்து போயே போய்விட்டது! அதற்குப் பிறகு ஆறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே வாட்டர் பேப்பர் தேய்ப்பு. "இது வீடா, பெயின்ட் கடையா? ரசத்துல கூட இந்த நாத்தம்தான் அடிக்குது" என்று அம்மா கத்தினாள். தலைகீழாகப் பறக்கும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே மஞ்சள், கீழே கறுப்பு. முடித்து நிமிர்ந்தபோது அதில் என் முகம் தெரிந்தது.

"நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ பாலிஷ் போட்டியா, அதோட நிறுத்திக்கோ. இதுக்கெல்லாம் பலம் வேணும்டீ" என்றான்.

பலமாம், பலம்! மொட்டைமாடியில் அவன் பலத்தைப் பார்த்தவள் நான். துணிப்பையில் செங்கல்லைப் போட்டுக் கயிற்றில் கட்டி, கூடவே சுற்றிப் பழகினான். பத்தாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி. நானோ எங்கள் தெருவில் "தட்டாமாலை" ராணி. இரண்டு பேர் கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு, பின்பக்கம் சாய்ந்து கிறுகிறுவென்று சுற்றுவோமே, அந்த விளையாட்டில் என்னோடு சுற்றியவர்கள் எல்லோரும் விழுந்திருக்கிறார்கள், நான் விழுந்ததில்லை. சூட்சுமம் ஒன்றுதான்: சுற்றி ஓடுகிற சுவரையும் மரத்தையும் பார்க்கக் கூடாது, எதிரில் இருப்பவளின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னேன். "பொம்பளைப் பசங்க விளையாட்டு" என்று துடைத்துப் போட்டான். சரி, வாந்தி எடுத்ததை யாரிடமும் சொல்லாமலிருக்க ஒரு நிபந்தனை வைத்தேன்: பறக்கவிடும்போது நான் நடுவில், அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் ஆதம்பாக்கம் பக்கம் ஒரு திடலுக்கு ஆட்டோவில் போனோம். இறக்கை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. "இன்னா நைனா, நம்ம வண்டி கலர்லயே கீது. இதுக்கு மீட்டர் உண்டா?" என்று டிரைவர் வழியெல்லாம் கலாய்த்துக்கொண்டே வந்தார்.

அன்வர் பிரொப்பெல்லரைச் சுண்டினான். நான்காவது சுண்டலில் என்ஜின் பிடித்தது. அவன் கையை எடுத்ததும் விமானம் தரையில் நாலடி குதித்து ஓடி, ஜிவ்வென்று எழும்பியது. அம்மாடி, என்ன அழகு! அண்ணன் நன்றாகத்தான் ஓட்டினான். எட்டுச் சுற்று நேராகப் போனது. ஒன்பதாவதில் அவன் தோள் ஆடியதைப் பார்த்தேன். டாங்க்கில் பாதிக்கு மேல் எரிபொருள் மிச்சம். அது தீரும்வரை நிறுத்தவும் முடியாது.

"ஏய், கண்ணு இருட்டுதுடீ. வாங்கு, வாங்கு!"

அவன் கைமேல் என் கையை வைத்தேன். அவன் விரல்கள் நழுவ, கைப்பிடி எனக்கு வந்தது. நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி தோளை இழுத்தது. அண்ணன் என் காலடியிலேயே குப்புற விழுந்து கிடந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவனைத் தாண்டித் தாண்டிக் கால் வைத்தேன். "மச்சி, இன்னாடா ஆச்சு?" என்று அன்வர் வட்டத்துக்கு வெளியிலிருந்து அலறியது கேட்டது. நான் திரும்பவில்லை. நான் எட்டுப் பூச்சு பூசிய அந்த மஞ்சள் முகத்தை மட்டும் பார்த்தேன். திடல், பனைமரம், அன்வர் எல்லாம் அதற்குப் பின்னால் கலங்கி ஓடின, அது மட்டும் அசையாமல் எனக்கு எதிரில் நின்றது. பயம் போய்விட்டது. போனதோடு நிற்காமல் ஆசையும் வந்துவிட்டது. மணிக்கட்டைச் சாய்த்தேன். விமானம் செங்குத்தாக ஏறி, கறுப்பு வயிற்றைக் காட்டி, முழுசாக ஒரு குட்டிக்கரணம் போட்டுப் புல்லை உரசுவதுபோல் வந்து நிமிர்ந்தது. இன்னொன்றும் போட்டேன். என்ஜின் இருமி நின்றபோது கம்பி தொய்யாமல் பின்னால் நடந்து, மெதுவாக இறக்கினேன். ஒரு கீறல் இல்லை.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஸ்கூட்டர் வந்தது. வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். தூரத்திலிருந்தே குட்டிக்கரணத்தைப் பார்த்திருக்கிறார். யார் ஓட்டினார்கள் என்பது அங்கிருந்து தெரியவில்லை. தோளில் கேமராவோடு வேகமாக நடந்து வந்தார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் மண், உதடு வெளிறியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவன் கண்ணில் வந்த கலக்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்வர் வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்குள் கைப்பிடியை அண்ணன் கையில் திணித்தேன்.

"நீயாடா ஓட்டினே?" என்றார் அப்பா. அவன் தோளில் கை போட்டார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அண்ணன் கையிலிருந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷமே எனக்கு அதைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. பிடுங்கவில்லை. அப்பா போட்டோ எடுத்தார்: அண்ணன் கைப்பிடியோடு, அன்வர் சிரிக்காமல், நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு.

திடல் இருந்த இடத்தில் இப்போது நான்கு பிளாக் அடுக்குமாடி. என்ஜின் மறுநாளே போனது. விமானம் சில வருடம் ஹாலில் தொங்கி, பட்டு கிழிந்து, வீடு மாறியபோது தொலைந்தது. அண்ணன் படிப்பை முடித்தான், வேலையில் நிலைத்தான். அப்பா அவனைப் பற்றி அந்தச் சாப்பாட்டு நேரக் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டி, "இவன் ஓட்டினான் பாருங்க, ரெண்டு குட்டிக்கரணம்" என்பார். அண்ணன் எழுந்து உள்ளே போய்விடுவான். ஒருநாளும் "ஆமாம்" என்று அவன் சொன்னதில்லை, "இல்லை" என்றும் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

நான் கொடுத்ததற்காக வருத்தப்படவில்லை. ஆனால் ஓட்டினது நான். எனக்கு அது வேண்டும்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்ணுக்கு எழுத்து தெரிவதில்லை. நான் எழுதுவதையெல்லாம் காலைக் காப்பி ஆனதும் அண்ணன்தான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறான். இதையும் அவன்தான் படிப்பான். நடுவில் நிறுத்தாதே, அண்ணா.