ஒரு ஆல்பம் முழுசாகக் கேட்க ஓர் ஆள்

சிவகாசியில் படம் வாடகைக்கு விடுகிறவன் தினமும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறக்க வேண்டும். வெயில் அடித்தால் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து காயும். ஊரே வேலைக்குப் போய்விடும், நான் கடையில் ஈ ஓட்டலாம். மேகம் மூடினால் கம்பெனி லீவு. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், எனக்கு வியாபாரம் ஓடும். மல்லாங்கிணறு பக்கம் மானாவாரி விவசாயிகள் மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது சத்தமில்லாமல் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். ஊர் முழுக்க வெயிலுக்கு வேண்டிக்கொள்ளும் இடத்தில் இதை வெளியே சொல்ல முடியாது.

முதலில் டிவிடி. எல்லார் கையிலும் போன் வந்து, படத்தை அதிலேயே பார்க்க ஆரம்பித்த பிறகு ஸ்பீக்கர், புரொஜெக்டர், திரை. பொருள் மாறினாலும் தொழில் அதேதான். மாறாத இன்னொன்று, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு அலமாரித் தட்டு. அதில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் ராக் ஆல்பங்கள்; மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து சேர்த்தவை. ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காத ஒன்று உங்களுக்கும் உயிராகப் பிடித்திருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும்.

ராக் ஆல்பம் என்பது முதல் பாட்டில் ஆரம்பித்துக் கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்க வேண்டிய சங்கதி. நடுவில் ஒரு பாட்டை மட்டும் கேட்பது, பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவது மாதிரி. எனக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தை என்னோடு சேர்ந்து ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், முழுசாகக் கேட்க வேண்டும். இருபது வருடமாக எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். என் மனைவி ஜெயாவிடம் கேட்கலாமே என்பீர்கள். கல்யாணமான புதிதில் கேட்டேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் சத்தத்தைக் குறைத்தாள். அந்த விரல் பிறகு ஓய்ந்ததே இல்லை.

மணல் வாளி

பால்பாண்டி அண்ணன் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மேகம் மூடினால் கடைக்கு முதல் ஆளாக வருவார். "சத்தம் இல்லாத படமாக் குடுங்க அண்ணாச்சி" என்பதுதான் எப்போதும் அவர் கேட்பது. வேலையில் கேட்கிற வெடிச் சத்தம் அவருக்குப் போதும்.

ஒரு மழை நாளில் ராக் கச்சேரி டிவிடி ஒன்றை அவர் தலையில் கட்டினேன். ஆல்பம் கேட்டுப் பழகாதவர்களைக் கச்சேரியில் இருந்துதான் ஆரம்பிக்க வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பாட்டு புரியாவிட்டாலும் பாடுகிறவன் வேர்க்க வேர்க்க உழைப்பதாவது கண்ணுக்குத் தெரியும். போதாததற்கு, அந்தக் கச்சேரியில் மேடை ஓரத்தில் வாணவேடிக்கையும் உண்டு. நம்ம ஊர்க்காரருக்கு அது பிடிக்காமல் போகாது என்று கணக்குப் போட்டேன்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். முகம் சரியில்லை. கிட்டார் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கிட்டார் கெடக்கட்டும் அண்ணாச்சி. பாடுறவனுக்கு அம்புட்டுப் பக்கத்துல புஸ்வாணம் வச்சிருக்கானுக, தீப்பிடிச்சா அணைக்க ஒரு மணல் வாளி கூட வைக்கல. அதப் பாத்ததுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல."

கழுகு

எங்கள் தெருவில் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கும் முதலாளி ஒருநாள் என் ராக் அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கல்லாவை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைசியில் அவர் கேட்டது, கருப்பு வானத்தில் ஒரு கழுகு மின்னலைக் கவ்விக்கொண்டு பறக்கும் அட்டை போட்ட ஆல்பம். யாராவது முழுசாகக் கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த ஆல்பமே அதுதான். அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் அது. என் அபிப்பிராயத்தில் எந்த ராக் குழுவுக்கும் இரண்டாவதுதான் உச்சம். மூன்றாவதில் வசதி வந்துவிடும், ஐந்தாவதில் தத்துவம் வந்துவிடும், அதற்கப்புறம் வாங்காமல் இருப்பது உத்தமம். இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்லி, வரிசை மாற்றாமல் கேட்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அந்தத் தீபாவளிக்கு அதே கழுகு, மின்னலுக்குப் பதிலாக ஒரு ராக்கெட்டைக் கவ்விக்கொண்டு, அவர் அச்சடித்த வெடிப் பெட்டியின் மேல் பறந்தது. எனக்கும் ஒரு பெட்டி வந்தது. கோபப்பட மனம் வரவில்லை. என் கழுகு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆல்பத்தைத் திருப்பித் தந்த அன்று முதலாளி சொன்னது இது: "கருப்பு என்னமா எறங்கியிருக்கு அண்ணாச்சி, நம்ம மிசின்ல இம்புட்டு வராது. உள்ள ஒரு தட்டு கெடந்துச்சு, அதத் தொடவே இல்ல, கீறல் படாம அப்படியே வச்சிருக்கேன்."

இலவசம்

ஒரு ஐப்பசி மாதம், இரண்டு படம் எடுத்தால் ஒரு ராக் ஆல்பம் வாடகையில்லாமல் எடுத்துப் போகலாம் என்று கடை வாசலில் எழுதி வைத்தேன். வெளியே அடைமழை, உள்ளே நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தை மரியாதையாகக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மட்டும் ஆல்பத்தைக் கையில் எடுத்து யோசித்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இதுக்குப் பதிலா ஒரு கேரி பேக் தருவீகளா? படம் நனஞ்சிரும்."

டெஸ்டிங்

ஸ்பீக்கர் வாடகைக்கு மாறிய பிறகு என் ஆசைக்குப் புது வழி கிடைத்தது. விசேஷ வீட்டில் பெட்டிகளை இறக்கிக் கட்டியதும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு எந்தப் பாட்டைப் போடுவது என்பது என் இஷ்டம். மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்து வீட்டில் கழுகு ஆல்பத்தைப் போட்டேன். டிரம்ஸ் அதிர்ந்தது, கிட்டார் கூவியது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, காதைப் பொத்தவில்லை. ஒரு பாட்டு முடிந்து இரண்டாவது, மூன்றாவது என்று ஓடியது. சமையல்காரர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாதி ஆல்பம் முடிந்துவிட்டது. ஒரு பந்தலே சேர்ந்து இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் நான் நன்றியோடுதான் இருக்கிறேன். அப்போது வீட்டுக்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தார். "ஒங்க தொழில்ல நாங்க குறுக்க வரக்கூடாதுன்னுதான் இம்புட்டு நேரம் பேசாம இருந்தோம். டெஸ்டிங் முடிஞ்சிருச்சுன்னா, தம்பி, பாட்டப் போடுறீகளா?"

பெங்களூரு

போன வருடம் ஒரு சேதி வந்தது. கழுகு ஆல்பம் போட்ட அதே குழு பெங்களூருக்கு வருகிறது. அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே மேடையில் வாசிக்கப் போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கூட வர ஆள் தேடினேன். பால்பாண்டி அண்ணன் சீசன் நேரம் என்றார். பிரஸ் முதலாளிக்குக் காலண்டர் ஆர்டர். ஜெயா மட்டும், நான் கேட்பதற்கு முன்னாலேயே என் பையை எடுத்து வைத்தாள். "போயிட்டு வாங்க, கடைய நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். விருதுநகர் ஜங்ஷனில் தனியாக ரயில் ஏறினேன்.

சாயங்காலம் கச்சேரி ஆரம்பித்தது. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு என்னில் பாதி வயதுகூட இருக்காது. மேடையில் நின்றவர்களுக்கோ தலை முழுக்க நரை. முதல் பாட்டின் முதல் அடி விழுந்ததும் பக்கத்தில் திரும்பி, பார்த்தாயா, கேட்டாயா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பினேன். அத்தனை கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று இல்லை. அவ்வளவு தூரம் வந்தும் தனியாகத்தானே கேட்கிறோம் என்று நினைத்ததும் தாங்க முடியவில்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, கூட்டத்துல எங்கயும் மாட்டிக்கிட்டீகளா?" என்றாள் ஜெயா. ஒன்றுமில்லை, நான் சொன்ன அந்த ஆல்பம் ஆரம்பித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், வைத்துவிடுகிறேன் என்றேன். "வச்சிராதீக. அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க, நானும் கேக்குறேன்." அங்கே மழை; ஏதோ விசேஷத்துக்கு ஸ்பீக்கர் சொல்லி வைக்க வந்த பால்பாண்டி அண்ணனும் கடையில் இருந்திருக்கிறார். பின்னால் அவர் குரல் கேட்டது: "பக்கத்துல மணல் வாளி இருக்கான்னு கேளும்மா."

போனை மேடையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றினேன். நடுவில் தொடர்பு அறுந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்து, கூட்டம் ஓய்ந்து, போனைக் காதில் வைத்தால் ஜெயா அங்கேயே இருக்கிறாள். முதலிலிருந்து கடைசி வரை, ஒரு பாட்டு விடாமல் கேட்டிருக்கிறாள். எப்படி இருந்தது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "அவுக பாடுனது ஒண்ணும் வெளங்கல. நீங்க கூடவே பாடுனது மட்டும் சுத்தமாக் கேட்டுச்சு. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல நீங்க இப்படி சந்தோசமாப் பாடி நான் கேட்டதே இல்லங்க."

இப்போதும் கடையில் ராக் போட்டால் ஜெயா ஒரு விரலால் சத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறாள். அது நான் கூடப் பாடுவது கேட்பதற்காகத்தான் என்று நம்பிக்கொண்டு தொழிலை நடத்தி வருகிறேன்.