இடது கையால் எழுதிய வீட்டுப்பாடங்கள்

என் மகளின் ஒன்றாம் வகுப்பு வீட்டுப்பாடங்களில் பெரும்பாலானவற்றை எழுதியது நான்தான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவளுடைய அப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை இழுத்து மூடியபோது அவள் யு.கே.ஜி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மூடிய பள்ளி திறக்காமலேயே ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். போனாள் என்பது பேச்சுக்குத்தான். புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், கூடத்துச் சுவரோரமாக ஒரு பாயைப் போட்டு, அவள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்தேன். அதுதான் ஒன்றாம் வகுப்பு. நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையும் மூடிக் கிடந்ததால் டீச்சர் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அந்த வேலைக்கு என்னைப் போல லாயக்கில்லாதவள் புதுச்சேரியிலேயே இருந்திருக்க மாட்டாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல போன். அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் அவருக்கு வேலை. படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியதும், எத்தனை பார் ஐஸ் வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று படகுக்காரர்கள் அந்தப் போனில்தான் சொல்வார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. காலை பத்து மணிக்கு நடந்த ஆன்லைன் வகுப்பில் என் மகள் ஒருநாள்கூட உட்காரவில்லை. அவர் நாலு மணிக்கு வீடு திரும்பி, ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனைக் கொடுத்தால்தான் அன்றைக்கு என்ன பாடம் என்பதே எங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குள் அதை எழுதி, படம் பிடித்து, வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும்.

அந்தக் குரூப்தான் என்னைக் கெடுத்தது. இல்லை, குரூப்பைச் சொல்லிக் குற்றமில்லை. என் வீம்புதான் கெடுத்தது. நான் படித்த காலத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். கடையில்கூட பில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். குரூப்பில் எல்லாப் பிள்ளைகளின் பக்கங்களும் வரிசையாக வந்து விழும், எல்லா அம்மாக்களும் பார்ப்பார்கள். மூலக்குளத்திலிருந்து ஒரு பெண் குழந்தை. அவளுடைய அம்மா நிஜமாகவே டீச்சர். தினமும் முதல் படம் அவளுடையதுதான். அச்சடித்ததுபோல எழுதியிருப்பாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரியும். ஆறு வயசுக் குழந்தையைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒருநாள் 'கி'யும் 'கீ'யும் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் மகளுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தது. நான் கையைப் பிடித்து எழுத வைத்தேன். கையை விட்டதும் பழையபடியே எழுதினாள். அழித்தேன், மறுபடி எழுத வைத்தேன். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. குரூப்பில் பாதி வகுப்பின் படங்கள் வந்துவிட்டன. "அறிவிருக்காடி உனக்கு? இது கூட வரலியா?" என்று கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் கிடந்த மரஸ்கேலை எடுத்து அவள் விரல்மேல் ஓங்கிப் போட்டேன்.

அவள் அழவில்லை. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாய் நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன். விரல் கன்றிப் போயிருந்தது. வேறு கவுன் மாட்டிவிட்டேன். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து, "ஆறு மணி ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி தாங்கவில்லை எனக்கு. "நீ சும்மா இரு பாப்பா, அம்மா எழுதித் தரேன்" என்றேன்.

என் வலது கையால் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். எழுத்து நடுங்கி, கோணி, கோட்டுக்கு மேலும் கீழுமாக வந்தது. ஆறு வயசுப் பிள்ளை எழுதியதுபோலவே இருந்தது. படம் பிடித்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிடமிருந்து ஒரு ஸ்டாரும் ஒரு குரல் செய்தியும் வந்தன. "சூப்பர்டா கண்ணு. நல்லா எழுதியிருக்க." என் மகள் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உன்னத்தான் சொல்றாங்க" என்றேன். சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளும் எழுதினேன், அதற்கு மறுநாளும். நாளைக்கு நிதானமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க முயலவில்லை என்று இல்லை. தாம்பாளத்தில் கோலமாவைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன். ஆனால் நான் "எழுது" என்று சொன்ன உடனே அவளுக்கு உடம்பு விறைத்துவிடும். விரலை மாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். கீழே இறக்க மாட்டாள். எனக்குக் கோபம் ஏறுவது எனக்கே தெரியும். மாவைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இப்படியே எங்களுக்குள் ஒரு வேலைப் பங்கீடு வந்துவிட்டது. ஐந்து மணி ஆனால் அவளே வந்து நோட்டை விரித்து, அதே மரஸ்கேலை வைத்து மார்ஜின் போடுவாள். கோடு நேராக வரும். பென்சிலைச் சீவி என்னிடம் நீட்டுவாள். நான் இடது கையால் எழுதுவேன். அவள் ஸ்டூலில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். படம் எடுப்பது அவள் வேலை. நிழல் விழாமல் எடுத்து, ஓரத்தை வெட்டி, அவளே அனுப்பிவிடுவாள். வீட்டில் சண்டையே இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. திறமைசாலி என்றே என்னை நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வரக்கூடாது என்று வாரத்துக்கு ஒரு தப்பு வேண்டுமென்றே போடுவேன், ரப்பரால் தேய்த்துக் கறையாக்குவேன்.

போனைக் கொடுத்துவிட்டு ஆறு மணிவரை டீக்கடைப் பக்கம் போய்விடுபவர், ஒருநாள் சீக்கிரமாகத் திரும்பி வந்து பார்த்துவிட்டார். "என்னா, நீயா எழுதுற?" என்றார். "கைய புடிச்சி எழுத வைக்கிறேன், கத்துக்கிட்டு வரா" என்றேன். "ம், பாத்து கத்துக்குடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். விடிகாலையில் போய் ஐஸ் தூக்கிவிட்டு வந்த மனிதர் அதற்குமேல் என்ன கேட்பார்?

இரண்டாம் வகுப்பும் அதே பாயில்தான் தொடங்கியது. மறுபடி எல்லாவற்றையும் மூடினார்கள். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் சாவு விழுந்தது. எழுத்தாவது படிப்பாவது, பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் அதை ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்தபோது மழை நாள். அரை நேரம்தான் வகுப்பு. புதுச் சீருடை, முகக்கவசம், கழுத்தில் கைகழுவும் மருந்து என்று அவளை அலங்கரித்து அனுப்பினேன். மூன்றாவது நாள், பள்ளி விட்டதும் உள்ளே வந்து பார்க்கச் சொல்லி மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே மிஸ்தான். என்னைவிட வயதில் சின்னவர். குரலாக மட்டுமே கேட்டவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். என் மகள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். மிஸ் அவளுடைய நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மூன்று பக்கம். மூன்றிலும் மார்ஜின் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"டிக்டேஷன் சொன்னா கோடு போட்டு வெச்சிட்டு ஒக்காந்துருக்கா. வீட்ல அவ்ளோ நல்லா எழுதுன புள்ள" என்று சொல்லிவிட்டு, போனில் பழைய படம் ஒன்றை எடுத்து என் மகளிடம் காட்டினார். "இது யாருடா எழுதுனது?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "நான்தான் மிஸ்."

அந்த நேரத்தில் என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

"அப்ப இதே மாதிரி ஒரே ஒரு வார்த்த எழுதிக் காட்டு" என்று மிஸ் பென்சிலைக் கொடுத்தார். அவள் வலது கையால் வாங்கினாள். வாங்கி, நிதானமாக இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நோட்டை லேசாகச் சாய்த்து வைத்தாள். முனையைத் தாளில் வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"நீ லெஃப்ட் ஹேண்டாடா?" என்று மிஸ் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். சாப்பிடுவது, படம் வரைவது, பந்து எறிவது எல்லாமே அவளுக்கு வலது கைதான். பாடம் என்றால் அதை இந்தக் கையால்தான் எழுதுவார்கள் என்று ஒன்றரை வருடமாக ஸ்டூலில் முகவாயை வைத்துப் பார்த்துப் பார்த்து அவள் படித்திருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காமலே அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"நான்தான் மிஸ் எழுதுனேன். எல்லாமே நான்தான்" என்றேன். முகக்கவசத்துக்குள் அழுதால் மூச்சு முட்டும். அது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரியுங்க. சின்னப் புள்ளைங்க எழுத்து ஒரு நாளைக்கு ஒரு மாதிரி கோணும். இது எப்பவும் ஒரே மாதிரி கோணிச்சி" என்றார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே மிஸ்?"

"கேட்டா நீங்க அனுப்புறதையே நிறுத்திட்டா? நெறைய பேரு அப்படித்தான் நின்னுட்டாங்க. படமாவது வருதேன்னு விட்டுட்டேன். என் மேலயும் தப்புதான்." அப்புறம் தயங்கிக்கொண்டே சொன்னார். இந்த வருடத்தின் மீதி நாளும் அடுத்த வருடம் முழுக்கவும் அவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்வாள், இரண்டாம் வகுப்பில் விட்டால் கடைசி பெஞ்சில் கோடு போட்டுக்கொண்டே போய்விடுவாள். அதற்குப் பெற்றோர் சம்மதம் எழுதித் தர வேண்டும். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பரிசு வாங்கிய கையெழுத்து. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டில் அவள் அப்பாவிடம், பிள்ளை கொஞ்சம் பின்தங்கிவிட்டாள், எல்லாரும் அப்படித்தான் என்று மட்டும் சொன்னேன். அவரும் நம்பினார். இன்றைக்கு அவள் வேகமாகவே படிக்கிறாள், வலது கையால்தான் எழுதுகிறாள். நான் பக்கத்தில் போனால் நோட்டை மூடிவிடுவாள். முரட்டுத்தனமாக இல்லை, பழக்கமாக. அவள் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. ஒன்றாம் வகுப்பில் அவளைக் கொண்டுபோய் விட்ட காலைதான்.

முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். மற்ற பிள்ளைகளைவிட அவள் ஒரு தலை உயரம். அவளுடைய பழைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குந்தி உட்கார்ந்து அவள் பை வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"எழுதினது நீதானம்மா?" என்றாள்.

"ஆமா பாப்பா."

"அப்ப ஏன் என்ன மட்டும் இங்க ஒக்கார வெக்கிறாங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "அம்மாதான் தப்பு பண்ணேன். நீ ஒண்ணுமே பண்ணல" என்றேன். அதுவே நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை என்று நினைக்கிறேன்.

"அப்ப நீயும் ஒக்காரும்மா" என்று பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அதற்குள் இப்போதைய ஒன்றாம் வகுப்பு மிஸ் வந்துவிட்டார், அவர் வேறொருவர். அம்மாக்கள் எல்லாரும் வெளியே போகலாம் என்றார். நான் எழுந்து வந்து ஜன்னல் பக்கமாக நின்று பார்த்தேன். வேறு ஒரு பிள்ளை வந்து அந்த இடத்தில் உட்காரப் போனது. என் மகள் அங்கே கையை வைத்து மறைத்துக்கொண்டு, "எங்கம்மா வருவாங்க" என்றாள்.