சேலையூரிலிருந்து வந்த இன்ஜின்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடம் அரை மைல் தூரம்தான். ஆனால் நடுவில் ரயில் பாதை. அதைக் கடக்க நடைமேம்பாலத்தில் நாற்பத்தாறு படி ஏறி, நாற்பத்தாறு படி இறங்க வேண்டும். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, இருபத்தெட்டாவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் படியே ஏறக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னார். வேலையை விட்டுவிடு என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவள் பாடம் எடுத்த நாலாம் வகுப்புதான் எல்லாம்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ரயில்வே கேட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். பதினோரு நாளில் நான்கு நாள் ரிக்‌ஷா வரவில்லை. வந்த நாட்களில் குண்டும் குழியுமான சாலை தூக்கிப் போட்டதில், பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதே மூச்சு வாங்கியது. அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகளாக நின்றிருந்த காரை எடுத்துச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். என் சித்தப்பா விட்டுப்போன கார் அது. கோடை விடுமுறை முழுவதும் பம்மல் மெக்கானிக் ஒருவரும் நானும் அதோடு மல்லுக்கட்டினோம். துருப்பிடித்த தரைத்தகட்டை மாற்றினோம். பிரேக், ஒயர், சீட்டு எல்லாம் புதிதாயிற்று. இன்ஜின் மட்டும் உதவாது என்று தெரிந்தது. அதன் பிளாக்கில் ஒரு விரிசல். இரண்டு முறை வெல்டிங் வைத்து அடைத்தோம், இரண்டு முறையும் தண்ணீர் கசிந்தது. வேறு இன்ஜின்தான் போட வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கப் பத்தொன்பது நாள் இருந்தது.

நான் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எதையும் அளந்து எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும். ஒரு நோட்டில் கோடு போட்டு, கிடைக்கக்கூடிய இன்ஜின்களை எழுதிக்கொண்டு வந்தேன். முதலாவது ஒரு டீசல் இன்ஜின். எடை அதிகம், ஓடும்போது காரையே உதறும். இதய நோயாளியை அதில் உட்கார வைக்க முடியாது. இரண்டாவது, பழைய சாமான் கடையில் பார்த்த பெட்ரோல் இன்ஜின். எங்கள் காருக்குரிய அதே வகைதான், ஆனால் சிலிண்டர்களை ஏற்கெனவே இரண்டு முறை கடைந்து அகலப்படுத்தியிருந்தார்கள். சுவர் மெலிந்துபோயிருந்தது. அதைப் போட்டால் எப்போது நடுவழியில் நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதைப் பற்றிச் சொன்னது மெக்கானிக். சேலையூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், தார்ப்பாய்க்கு அடியில், எங்கள் காரைப் போலவே ஒரு கார் நிற்கிறது என்றார். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்துவந்தவரின் கார். பதினான்கு மாதங்களுக்கு முன் வண்டலூர் பக்கத்தில் பின்னாலிருந்து லாரி மோதி, அந்தக் காரிலேயே இறந்துபோனார்.

நான் தயங்குவதை மெக்கானிக் பார்த்தார். "சார், கடையில விக்கிற இன்ஜினு செத்தப்புறம் வந்தது. இது அப்டி இல்ல. நல்லா ஓடிகினு இருந்தப்ப நின்னது. இத்த விட நல்ல இன்ஜினு எங்க கீது, சொல்லு."

தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். மறுப்பதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை.

இறந்தவருடைய மனைவி எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். காரின் பின்பாதி நசுங்கியிருந்தது. முன்பாதியில் கீறல்கூட இல்லை. பாட்டரி கொண்டுபோய் இணைத்து, சிலிண்டர் சிலிண்டராக அழுத்தம் பார்த்தோம். நூற்றிருபது, நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபத்தொன்று, நூற்றிருபது. நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னேன். இன்ஜினின் பின்னால் இருக்கும் ஃப்ளைவீல் பல்சக்கரத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுல பல்லு எத்தினின்னு எண்ணிட்டியா சார்? எண்ணலேன்னா உனக்குத் தூக்கம் வராதே," என்றார் மெக்கானிக்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இரும்புக் கடைக்குக் குடுக்க மனசு வரல தம்பி. உங்களுக்குன்னா தரேன். ஆனா தினமும் அதுல உட்காரப்போறது உங்க வீட்டம்மா. இது எந்த இன்ஜின்னு அவங்களுக்குத் தெரியணும். அவங்க சம்மதிக்கணும்."

"தெரியும் அக்கா. சம்மதிச்சிட்டா," என்றேன்.

நான் என் மனைவியிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அந்த மாதம் காலையும் மாலையும் அவள் நாடித்துடிப்பை நான் எண்ணிவந்தேன். தொண்ணூறுக்கும் தொண்ணூற்றாறுக்கும் இடையில் இருந்தது. இந்த இன்ஜின் விஷயத்தைச் சொன்னால் எவ்வளவு ஏறும் என்று நானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டேன். அந்த எண் பெரிதாகத் தெரிந்தது. அதனால் சொல்லவில்லை. இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் மாற்றுவதற்காக அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தையும் அலுவலக மேசையிலேயே வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த நாளில் கார் தயாராக இருந்தது. கேட்டில் காத்திருந்ததையும் சேர்த்து இருபத்திரண்டு நிமிடத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். மாலையில் நாடி எண்பத்தெட்டு. ஒன்பது நாள் இப்படிப் போயிற்று.

அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து பெண்கள் சர்ச் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காரில் காத்திருந்தேன். அவள் வந்து ஏறினாள். வீட்டுக்குள் வந்து, புடவை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரோட இன்ஜின் நல்லா ஓடுதான்னு அந்த அக்கா கேட்டாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க சம்மதிச்சதுக்கு நன்றின்னாங்க."

நான் கார் சாவியை ஆணியில் மாட்டினேன்.

"நல்லா ஓடுது அக்கான்னேன். அவங்க முகத்தைப் பாத்துட்டு வேற என்ன சொல்றது? சர்ச் வாசல்ல நின்னு என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்க."

உனக்காகத்தான், உன் உடம்புக்காகத்தான் என்று ஆரம்பித்தேன்.

"என் மனசு எவ்வளவு தாங்கும்னு நீங்களா எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

குரல் உயரவில்லை. மறுநாள் நான் சேலையூருக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அம்மாள் வேண்டாம் என்றால் இன்ஜினைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அதுவரை காரில் ஏறப்போவதில்லை என்றாள். அப்படியானால் பள்ளிக்கூடம் என்றேன். அது என் பாடு என்றாள்.

மறுநாள் காலை அவள் ரிக்‌ஷாவில் போனாள். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சேலையூருக்கு நடந்தே போனேன். காரை எடுத்துக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாள் உட்காரச் சொன்னார். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க. என்கிட்ட அவங்க வாயால சொல்லட்டும்," என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். சாயங்காலம் தானே அங்கே போய்க்கொள்வதாகவும், நான் காரோடு ஐந்தரை மணிக்கு வந்தால் போதும் என்றும் சொன்னாள். காரோடா, இல்லை ரிக்‌ஷாவோடா என்று இருமுறை கேட்டேன். காரோடு என்றாள்.

ஐந்து இருபதுக்கே போய் அந்த அம்மாள் வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஜன்னல் வழியே இரண்டு பேரின் குரலும் கேட்டது, வார்த்தை எதுவும் விளங்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. அந்த அம்மாள் படியில் நின்றுகொண்டார். என் மனைவி மெதுவாக வந்து, கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சாவியில் கை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்க உள்ளே போகட்டும். இன்ஜின் சத்தம் தன் காதுல விழ வேணாம்னாங்க."

காத்திருந்தோம். அந்த அம்மாள் எங்களைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி இன்னும் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கையை எடுத்தாள். நான் சாவியைத் திருப்பினேன்.