படலை தெரியும் யன்னல்

கௌரி இறந்த செய்தி வந்தபோது நான் முள்ளியவளையில், அவர் வந்து சேரவேண்டிய காணியில் நின்றுகொண்டிருந்தேன். காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். தொலைபேசியில் அவருடைய தங்கை, "அண்ணை, அக்கா எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றார். மாரடைப்பு. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அப்போ அவர் வந்து காட்டுவதாகச் சொன்ன அந்த யன்னல்? அவரை அறிந்த நீங்கள் இதற்காக என்னைக் கோபிக்கமாட்டீர்கள்.

கிளிநொச்சியில் எங்கள் சிறிய அலுவலகத்தில் வீடுகளைத் திட்டமிட்டவர் அவர். படம் கீறியவன் நான். வயதில் என்னைவிட இளையவர், கவலைப்படுவதில் மூத்தவர். மழைக்காலம் தொடங்கினால் கட்டி முடித்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, "ஒழுகுதோ?" என்று கேட்பார். இல்லையென்று அவர்கள் சொன்னால், "வடிவாப் பாத்தனீங்களோ?" என்பார். மனுசி எங்களையும் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை.

படம் கீறுமுன் காணியில் முளை அடித்து, அறை அறையாகக் கயிறு கட்டி, வீட்டார் ஒரு பகல் அதற்குள் புழங்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "கடதாசியில எல்லா வீடும் வடிவுதான் அண்ணை. ஆர் அதுக்குள்ள இருக்கப்போகினம்?" ஸ்கந்தபுரத்தில் ஒருமுறை, பார்க்க வந்த அயலவர்கள் கயிற்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். கௌரி அந்தச் செருப்புகளைப் பார்த்து, "இத்தனை பேருக்கு விறாந்தை காணாது, அகட்டுவம்" என்றார்.

முள்ளியவளையில் நாகேஸ்வரி அம்மாவின் வீடும் அப்படித்தான் தொடங்கியது. கனடாவிலிருக்கும் மூத்த மகன், அங்குள்ள தன் வீட்டைப் போலவே கேட்டிருந்தார்: முன்னால் கார் விடும் இடம், பின்னால் படுக்கையறை. இருக்கப்போவது அம்மா மட்டும். சென்ற வாரம் கயிறு கட்டினோம். மகன் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா படுக்கையறைக் கயிற்றுக்குள் பாய் விரித்துப் படுத்தார். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, வேலியின் வாசற்கதவுப் பக்கம் திரும்பினார்.

"இதில படுத்தா படலை தெரியாது தம்பி."

"படலை என்னத்துக்கம்மா? கமரா பூட்டித் தாறன்."

"சின்னவன் வந்தா கமராவைப் பாத்தே கூப்பிடுவான்?"

சின்னவன் அம்மாவின் இளைய மகன்; போரின் கடைசி நாள்களில் காணாமற்போனவர்.

அறையை முன்னுக்குக் கொண்டுவரலாம். ஆனால் படலை மேற்கில். மேற்கில் படுக்கையறை யன்னல் வைத்தால் வன்னி வெயிலில் ஆள் வெந்துபோகும் என்று கௌரி ஒருபோதும் வைத்ததில்லை. அன்று அவரும் சேலையோடு அந்தப் பாயில், வெட்டவெளியில் படுத்து நெடுநேரம் படலையைப் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டியபடி, "யோசிச்சுக்கொண்டு வாறன் அம்மா. கயித்தை அவிழ்க்காதேங்கோ" என்றார். பிறகு நான் கேட்டபோது, "ஒண்டு கிடக்கு அண்ணை, அங்க வந்து காட்டுறன்" என்று மட்டும் சொன்னார்.

செத்தவீடு முடிந்து வந்து பல விதமாகக் கீறிப் பார்த்தேன். தாழ்வாரத்தை நீட்டினாலும் சாயும் வெயில் அதன் கீழால் வரும். வேம்பு நட்டால் வளர்ந்து படலையை மறைக்கும். வெள்ளிக்கிழமை அத்திவாரம் வெட்ட நாள் குறித்தாயிற்று.

நேற்று முள்ளியவளைக்குப் போனேன். கயிறு அப்படியே இருந்தது. அறையை முன்னுக்கு மாற்றிக் கட்டிவிட்டு, வெட்கத்தை விட்டுப் பாயில் படுத்தேன். படுத்திருப்பவருக்குப் பெரிய யன்னல் தேவையில்லை. கண்மட்டத்தில், தரையை ஒட்டி, சாணளவு உயரத் திறப்புப் போதும். அதற்கு மேலே மேற்குச் சுவர் முழுவதும் வெயிலுக்கு மூடியே இருக்கலாம். கௌரி நினைத்ததும் இதுதானா? தெரியாது. அம்மாவைப் படுக்கச் சொல்லி, பலகைகளை அடுக்கித் திறப்பைக் காட்டினேன்.

"தெரியுதோ அம்மா?"

"ஓம், தெரியுது."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அங்கேயே அழுதேன்.

வீடு முடிந்து முதற் கோடை வரும்போது, "வெக்கையோ?" என்று கேட்பேன். இல்லையென்று சொன்னால் நம்பமாட்டேன். கௌரி, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நிம்மதியின்மைதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.