ஒன்பது மணிக்கு வெளியே போனவர்

அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த மனிதர் தன் வீட்டைவிட்டு வெளியே போனாரா, இல்லையா? அது நடந்தபோது எனக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. இப்போது எனக்கே ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவரை மகளின் பள்ளி வாசலில்தான் முதலில் பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய பேத்தியும் என் மகளும் யூகேஜியில் ஒரே பெஞ்சு. பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டுவிடும். ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்திலிருந்து வந்து சேர எனக்கு ஒன்றரை ஆகிவிடும். நான் மூச்சிரைக்க ஓடி வருவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே சொன்னார்:

"ஒரு கைல எம் பேத்தி. இன்னொரு கை சும்மாதானம்மா கீது. உம் பொண்ணையும் இட்டுகினு வந்துர்றேன்."

அதன் பிறகு கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும் அந்த நெடுஞ்சாலையை என் மகள் தினமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். அவர் வீட்டிலேயே சாப்பிடுவாள். ஒன்றரை மணிக்கு எங்கள் கேட்டில் கொண்டுவந்து விடுவார். முன்பின் தெரியாதவரை இவ்வளவு நம்பலாமா என்று முதல் வாரம் யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அப்பா எங்களோடு வந்து தங்கினார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் உளவுப் பிரிவில். அவர் வந்த இரண்டாவது வாரம், தினசரி காலண்டர் தாளின் அடியில் பென்சிலால் ஏதோ எழுதத் தொடங்கினார். மாத்திரை போட்ட நேரம் என்று நினைத்தேன். நாலாவது நாள் தாளைக் கிழிக்கும்போது படித்தேன். '1.26 வந்தான். குழந்தையை விட்டான். 1.29 போனான், வடக்குப் பக்கம்.'

"இன்னா நைனா இது?"

"அந்தாளு கூட கொயந்தைய அனுப்பாத."

"ஏன்?"

"ஒரு தலைவர வெட்ன கேஸு அவன். அவன் வூட்டாண்ட ஒரு மாசம் குந்திகினு இருந்தவன் நானு. எனக்குத் தெரியாதா அந்த நடை?"

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சங்கத் தலைவர், கட்சியிலும் பெரிய ஆள், பட்டப்பகலில் பஸ் நிறுத்தத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். சங்கத் தகராறு காரணமாக அதற்கு ஒரு மாதம் முன்பே இந்தக் கிரேன்காரர் கண்காணிப்பில் இருந்திருக்கிறார். அவர் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் மஃப்டியில் உட்கார்ந்து, போவதையும் வருவதையும் எழுதுவது அப்பாவின் வேலை. இவ்வளவுதான் அப்பா சொன்னார். அன்றே மகளின் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் கிரேன்காரரின் மகள் தூக்குவாளியோடு வந்து நின்றாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

"பாப்பாக்கு இன்னும் ஜொரம் வுடலியாக்கா? மெளகு ரசம் வெச்சிக் குடுன்னு எங்கப்பா ஒரே பேஜாரு."

உள்ளே என் மகள் கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் அதை எட்டிப் பார்த்தாள்.

"இது குதிக்கிறதப் பாத்தா ஜொரத்துக்கே ஜொரம் வந்துரும் போல கீதே." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "யார்னா எதுனா சொன்னாங்களாக்கா, எங்கப்பாவப் பத்தி?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. நடையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார்.

அவள் அப்பாவை மூன்று மாதம் உள்ளே வைத்திருந்து, சாட்சி இல்லையென்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஃபைலை மூடவில்லை. இந்தப் பக்கம் எந்தத் தலைவர் வந்தாலும் காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், கூட்டம் முடிந்ததும் அனுப்புகிறார்கள். ஃபைலில் என்னதான் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். உளவுப் பிரிவின் ஆவணங்கள் அந்தச் சட்டத்தில் வராது என்று பதில் வந்தது. அவர்களுக்குத் தெரிந்தது கொலை நடந்த நாளைப் பற்றிய ஒரே ஒரு வரி. விசாரணையின்போது இன்ஸ்பெக்டர் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். 'காலை ஒன்பது மணிக்கு வெளியே சென்றவன் மாலை ஆறு மணிக்குத் திரும்பினான்.'

"அன்னிக்கு அப்பா லீவு போட்ருந்துச்சுக்கா. கூரை மேல ஏறி ஓடு மாத்திகினு இருந்துச்சாம். எதிர்ல குந்தி வேவு பாத்தவன் கண்ணுக்கு அது தெரியலியான்னு எங்கம்மா சாவுற வரைக்கும் கேட்டுகினே இருந்துச்சு."

கண்காணிப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார்கள். அப்போது வேவு பார்த்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல். "உங்க வூட்ல யாருக்குனா போலீசுல தெரிஞ்சவங்க கீறாங்களாக்கா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

அவள் போனதும் அப்பாவின் கட்டிலருகே போய் நின்றேன். நான் கேட்கும் முன்பே தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். யூனிஃபார்ம் பெல்ட்டுக்கு அடியில் ஒரு சட்டைப்பை நோட்டு இருந்தது. பக்கத்துக்கு ஒரு நாள். கடைசியில், கொலை நடந்த நாளின் பக்கத்தில் மட்டும் நேரம் எதுவும் இல்லை, 'குழந்தைக்கு ஜன்னி. ஆஸ்பத்திரி' என்று மட்டும் இருந்தது. அதோடு மடித்து வைத்த ஓ.பி. சீட்டு. பெண் குழந்தை, பத்து மாதம், காலை 8.40. அந்தக் குழந்தை நான்.

"ரிப்போர்ட்ல கோடு காலியா வுட்டா மெமோ வரும். முந்தின நாளு எழுதுனதப் பாத்து எழுதிட்டேன். எல்லாரும் அப்டித்தான் பண்ணுவோம். ஒரு மாசமா டெய்லி ஒம்பதுக்குப் போனான், ஆறுக்கு வந்தான். அன்னிக்கு மட்டும் மாறும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"சாயங்காலமாவது போய்ப் பாத்தியா?"

"சாயங்காலந்தான் நீ கண்ணத் தொறந்த."

"கொலைன்னு தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே நைனா."

"அதுக்குள்ள ரிப்போர்ட்டு மேல போயிடுச்சு. மேல போனது கீழ வராதும்மா."

நான் விடவில்லை. கொலைக்கு மறுநாள் அவர் டீக்கடைக்குப் போனபோது எதிர்வீட்டுக் கூரையில் ஓடு புதிதாக இருந்ததா என்று கேட்டேன். 

"புதுசாத்தான் இருந்துச்சு. என்னிக்கி மாத்துனான்னு ஓட்டுலயா எழுதி வெச்சிருக்கு? அவன் பண்லன்னு நான் சொல்லல. பண்ணான்னும் எனக்குத் தெரியாது. அந்த நோட்ட நீயே வெச்சிக்க. இன்னா பண்றதுன்னு என்ன மட்டும் கேக்காத."

நோட்டு இப்போது என் சான்றிதழ் கவரில் இருக்கிறது. மகள் மீண்டும் அந்தக் கிரேன்காரர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கிறாள். தினமும் அந்த ஒரு மணி நேரம் நான் அலுவலகத்தில் ஒரே இன்வாய்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

போன வாரம் கேட்டில் நின்று அவர் சொன்னார்: "நாளைக்கு நீதான் ரெண்டு பேரையும் இட்டுகினு வரணும்மா. தலைவர் வர்றாரு."

"பேப்பர்ல ஒண்ணும் வரலியே?"

"பேப்பர்காரனுக்கு அப்பறம்தான் தெரியும். மொதல்ல எனக்குத்தான் சொல்வாங்கோ."

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுப் போனேன். இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கைகள். அந்தச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நிதானமாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய பேத்தி என் அப்பாவைக் கேட்டாள்: "தாத்தா, எங்க தாத்தா எத்தினி மணிக்கு வரும்?" அப்பா ஒரு சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாகக் கொட்டை எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். ஏழு மணிக்குத்தான் அவர் வந்து பேத்தியைக் கூட்டிப்போனார். அன்றைய காலண்டர் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நீதிமன்றத்தில் மனு விசாரணை அடுத்த மாதம். அந்த நோட்டைக் கொடுத்தால், பொய் அறிக்கை எழுதினேன் என்று என் அப்பா அந்த இதயத்தோடு கூண்டில் ஏறி நிற்க வேண்டும். அப்போதும் கிரேன்காரர் நிரபராதி என்று நிரூபணம் ஆகாது. அன்று யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். அவர் கொலை செய்தவராகவே இருந்தால்? கொடுக்காவிட்டால், எனக்கு வந்த ஜன்னிக்காக அவர் சாகும்வரை அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

இதை என் கணவரிடம் மட்டும் சொன்னேன். ஒரு நாள் நோட்டை எரித்துவிடு என்கிறார். மறுநாள் கொடுத்துவிடு என்கிறார். இதைப் படிக்கிறவர்களில் போலீஸ் வீட்டுப் பிள்ளைகள் இருப்பீர்கள். இப்படி ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பீர்கள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். விசாரணைக்கு முன்பே எழுதினால் நல்லது.