நான் செய்த ஸ்டிக்கர்

எங்கள் குடியிருப்புப் பெண்களின் த்ரோபால் ஆட்டத்தில் சுமதி பந்தைத் தவறவிட்டுக் குப்புற விழுந்தாள். எழும்போது வலியில் சுளித்த அவள் முகத்தைப் படமெடுத்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிக் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் சுமதி ஆட வரவில்லை.

பயந்துபோய் ஸ்டிக்கரைக் குழுவிலிருந்து அழித்தேன். பலர் ஏற்கெனவே சேமித்துவிட்டார்கள். பத்தே நாளில், ஈரோட்டிலிருக்கும் என் தங்கை, அது யாரென்றே தெரியாமல் எனக்கு அதை அனுப்பினாள்.

சுமதி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எம் பொண்ணு கிளாஸ் குரூப்புக்கே போயிருச்சுங்க்கா. அவ எம் மூஞ்சியப் பாத்துப் பேசியே நாலு நாளாச்சுங்க."

இப்போதெல்லாம் ஆட்டம் முடியும்வரை என் போன் ஸ்கூட்டி டிக்கியில்தான். யாரையும் கேட்காமல் படமெடுப்பதில்லை. சுமதி திரும்ப வந்துவிட்டாள். ஆனால் யாராவது போனைத் தூக்கினால், பந்தை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்கிறாள்.