சுவரில் ஒரு ஓட்டை

பண்டாரவளையில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள சுவரில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. டிஷ் பெட்டியிலிருந்து வரும் கறுப்பு வயர் அதற்குள் புகுந்து அம்மாவின் அறைக்குப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பதுளையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா, நான் அன்ரி என்று கூப்பிட்டவர், நினைவுக்கு வருவார்.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த புதிது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பதுளைக்குப் போய்வர முடியாது. அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தும் அறை கொடுத்தார். காய்ச்சல் வந்தால் மல்லித் தண்ணி அவித்துத் தருவார். மாலையில் அவர்களோடு ஹாலில் உட்கார்ந்து டீவி பார்ப்பேன். கதவோரம் ஒரு பிரம்புக் கதிரை என்னுடையது. நான் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பவள். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை, அடக்கிவைக்கத் தெரியாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், என் கட்டிலுக்கு எதிரே அவர்களுடைய பழைய டீவி இருந்தது. ஹாலிலிருந்த பெட்டியிலிருந்து சுவரைத் துளைத்து வயர் இழுத்திருந்தார்கள். "பிள்ளை, நீர் களைச்சுப் போய் வாறனீர். இனிச் சாஞ்சு கிடந்து பாரும்" என்றார் அன்ரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுமுறைக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். மகளுக்கென்றே வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கி லயம் முழுக்க அம்மா பரப்பிவிட்டாள்.

பெட்டி ஒன்றுதான். ஹாலில் எது ஓடுகிறதோ அதுதான் என் அறையிலும் ஓடும். ரிமோட் அன்ரியிடம் இருந்தது. நாடகம் பாதியில் செய்தியாக மாறிவிடும். அதில் எனக்குக் குறையில்லை. ஒரே பகிடிக்கு அங்கே அவர்கள் சேர்ந்து சிரிக்க, இங்கே நான் தனியாகச் சிரிப்பதுதான் என்னவோ போலிருந்தது. ஒரு மாலை பொறுக்கமாட்டாமல் எழுந்து போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அன்ரி திரும்பிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"ஏன் பிள்ளை, அங்க படம் தெரியேல்லையோ?"

தெரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வயர் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் முகம் கொதித்தது. ஒதுக்கிவைத்ததை விருந்தென்று நினைத்து, அம்மாவையும் ஊரெல்லாம் பெருமை பேச வைத்துவிட்டேனே என்பதுதான் அதிகம் குத்தியது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

அன்ரியைப் பல வருஷம் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு கல்யாணம், சொந்த வீடு. தோட்டத்தில் பேர் பதிந்த வேலையை விட்டு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். வெற்றிலையும் வாயுமாக, வந்தவர்களிடமெல்லாம் எந்தத் தோட்டம் என்று விசாரிப்பாள். கணவரின் வங்கி நண்பர்கள் வரத் தொடங்கிய சமயத்தில், அம்மாவுக்கு முழங்கால் வலி, படுத்தபடி பார்க்கட்டும் என்று பின்னறைக்கு வயர் இழுக்கச் சொன்னேன். முழங்கால் வலி உண்மைதான். என் தங்கச்சிக்குப் போன் போட்டு, "அக்கா எனக்குன்னே ஒயரு இழுத்துக் குடுத்திருக்காடி" என்று அம்மா பூரித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன வாரம் விருந்தாளிகள் இருக்கும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஹாலுக்கு வந்தாள். யோசிக்கும் முன்பே என் வாய் திறந்துவிட்டது.

"ஏம்மா, அங்க படம் தெரியலையா?"

"தெரியுது தாயி. ஆளுங்க பேச்சு கேட்டுச்சு, அதான் வந்தேன்."

வந்த வழியே திரும்பிப் போனாள். இனி அன்ரியைத் திட்ட எனக்கு வாய் ஏது?

எல்லோரும் போன பிறகு பின்னறைக்குப் போனேன். டீவியில் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை நிறுத்தியிருந்தாள். தலையணையை மறுபக்கம் மாற்றிப் போட்டு, வயர் வரும் அந்த ஓட்டையோரம் தலைவைத்துப் படுத்திருந்தாள்.